கதவைத் தட்டினால் முப்பத்து நாலு பேர்

எங்கள் கட்டடத்தில் ஐந்து மாடி, மாடிக்கு நாலு வீடு, ஆக இருபது வீடு. இருபதிலும் சேர்த்து நூற்றொன்பது பேர். இதை நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டாம் மாடியில் தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னல் விளிம்பில் ஒரு தலையணை, தலையணை மேல் என் இரண்டு முழங்கை. பத்தொன்பது வருஷம் இப்படி நின்று பாருங்கள், உங்களுக்கும் தெரிந்துவிடும். யார் வீட்டுக்கு எத்தனை ரொட்டி போகிறது, யார் எந்த பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள், எந்தக் குழந்தைக்கு யார் ஜாடை என்பதெல்லாம் தானாக வந்து சேரும். இதற்கு ஊர்வம்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பேர் வைத்தவர்கள்தான் பேக்கரியில் என்னை ஓரமாக இழுத்து, "நெரேய்தா, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்கள்.

நெரேய்தா நான்தான். கியூபாவிலிருந்து வந்தவள். வந்தது எந்த வருஷம் என்பது உங்களுக்கு வேண்டாம், அதை வைத்து வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

இப்படி நூற்றொன்பது பேரையும் விரல் நுனியில் வைத்திருக்கும் நான், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்று, "உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டபோது, இமைகூட ஆடாமல் "ஒருத்தி" என்றேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பெண் நயேலி குவாமான். நாலாம் மாடி. ஈக்வடார் மலைப் பக்கத்துக் குடும்பம். இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு. அவர்கள் வகுப்பு டீச்சர் மிஸ் ஒகாசியோ பிள்ளைகளை வைத்து ஒரு சின்னப் புத்தகம் தயார் செய்துகொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு மாதம் தவறாமல் யாராவது ஒரு புதுப் பிள்ளை வந்து இறங்கும், ஹோண்டுராஸிலிருந்தோ குவாட்டமாலாவிலிருந்தோ, மாமா வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மிரண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்காக, பிள்ளைகளே ஊரை அறிமுகப்படுத்தி எழுதும் புத்தகம்.

பாதி எழுதி முடித்திருந்தார்கள். எங்கள் தெருப் பையன் தாரியேல் எழுதிய பக்கத்தை அவன் அம்மா எல்லாருக்கும் செல்போனில் காட்டிக்கொண்டு திரிந்தாள்: "எங்கள் ஊர் பெயர் வெஸ்ட் நியூயார்க். ஆனால் இது நியூயார்க் இல்லை. நியூயார்க் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர்கள் ஊரை முழுசாகப் பார்க்க அவர்களால் முடியாது. நம்மால்தான் முடியும்." நன்றாகத்தான் எழுதியிருந்தான். அவன் அம்மாவிடம் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் பக்கம் காலியாக இருந்தது. ஒரு சதுர மைலுக்குள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அடைந்து கிடக்கிற ஊர் இது. ஆகவே வகுப்பில் யாருடைய கட்டடத்தில் ஆள் அதிகமோ, அந்தக் கட்டடத்தின் படம்தான் முதல் பக்கம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டடத்தைத் தானே எண்ணிக்கொண்டு வர வேண்டும். நயேலி அன்றைக்கே எழுந்து நின்று, "வேற யாரும் எண்ண வேணாம், எங்க பில்டிங்தான்" என்று சொல்லிவிட்டாளாம். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவள் தூங்கும் அறையில் ஐந்து பேர். காலையில் பல் தேய்க்க வரிசை. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வரும் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு நாய். நெருக்கடி ஒரு பரிசு வாங்கித் தரும் என்று கேள்விப்பட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் கெடுத்தது அந்த அட்டை. மிஸ் ஒகாசியோ எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. இருபத்தாறு பிள்ளைகளுக்கும் போட்டோ ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, நீலக் கயிறு கட்டி, "கணக்கெடுப்பாளர்" என்று அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். எங்கள் ஊரில் கழுத்தில் அட்டையும் கையில் நோட்டுமாகக் கதவைத் தட்டுகிற ஒருவர் நல்ல சேதி கொண்டுவந்ததாகச் சரித்திரமே கிடையாது. வாடகைப் பத்திரத்தில் பேர் இரண்டு, வீட்டுக்குள் கட்டில் ஆறு என்று இருக்கிறவர்களுக்கு அட்டையைப் பார்த்ததும் நாக்கு தானாக ஒரு எண்ணைச் சொல்லிவிடும். அட்டைக்கு மேலே இருந்தது தினமும் படிக்கட்டில் பார்க்கும் நயேலியின் முகம் என்பது யார் மூளைக்கும் எட்டவில்லை.

எனக்கும் எட்டவில்லை.

"ஒருத்திதான், கண்ணு" என்றேன்.

பின்னறையில் என் அக்கா மகன் ஒஸ்மெல், அவன் மனைவி, எட்டு மாதக் கைக்குழந்தை. மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று வந்தவர்கள். வந்த பிறகுதான் குழந்தையே பிறந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அது வீரிட்டது.

"அது டிவி" என்றேன்.

நயேலி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த "டிவி"யை முந்தின வாரம்தான் அரை மணி நேரம் இடுப்பில் வைத்து உலாத்தியிருந்தாள். சொன்னதைத்தான் எழுத வேண்டும், நாமாகக் கூட்டக் கூடாது என்பது மிஸ் ஒகாசியோவின் சட்டம். நோட்டில் "1" என்று எழுதினாள். ஒன்றே ஒன்றுதான், அதைப் போய் அவ்வளவு நேரம் எழுதினாள்.

அவள் மேலே போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே படியேறினேன். குப்பைத் தொட்டி கீழே இருக்க, நான் ஏன் மேலே ஏறினேன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவரவருக்கு அவரவர் கவலை.

மூன்றாம் மாடியில் எல் சால்வடோர் நாட்டுச் சகோதரர்கள் ஆறு பேர், ஆறு பேரும் ஓட்டல் சமையல்காரர்கள். மூத்தவன், பேர் நாவும், கதவைக் கை அகலத்துக்குத் திறந்தான்.

"நான் மட்டும்தான் இருக்கேன்."

நயேலி குனிந்து பார்த்தாள். வாசலில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஆறு ஜோடி கறுப்பு ஷூ.

"இதெல்லாம்?"

"எனக்கு ஷூன்னா உயிரு."

நாலாம் மாடியில் தோன்யா எவுலாலியா. தோன்யா என்பது பெரிய மனுஷிக்கு முன்னால் ஒட்டும் மரியாதைச் சொல், ஆணுக்குத் தோன். சாந்தோ தொமிங்கோக்காரி, விதவை, வாய் நீளம். இரவுடையோடு, தலை முழுக்க முடி சுருட்டும் சுருள் குழாய் மாட்டிக்கொண்டு வந்து நின்று சொன்னாள்:

"இந்த வீட்டுல யாருமே குடியில்ல."

"அப்போ நீங்க?"

"நானா? நான் வீடு பெருக்க வந்திருக்கேன்."

கடைசியாக நயேலி தன் வீட்டுக் கதவையே தட்டினாள். அவள் அம்மா ரொசாவுரா கையில் கரண்டியோடு வந்தாள். மகளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"மூணுன்னு எழுதிக்க."

"அம்மா, நாம ஏழு பேரு."

"வீட்டுல ஏழு. நோட்டுல மூணு."

"நான் அந்த மூணுல இருக்கேனா?"

"இருக்கடி, இருக்க. உள்ள வா, சூப் ஆறுது."

இருபது வீடு முடிந்தது. மொத்தம் முப்பத்து நாலு.

எதிர்க் கட்டடத்தில் எழுபத்தொன்று. அதுவும் எங்களைப் போலவே ஐந்து மாடி, இருபது வீடு, கூடுதலாக லிஃப்ட். அங்கேதான் தாரியேல் இருக்கிறான். அவன் அப்பா வில்ஃப்ரெதோ அந்தக் கட்டடத்துப் பொறுப்பாளர். இடுப்பில் அத்தனை வீட்டுச் சாவியையும் கட்டிக்கொண்டு மகனோடு வீடு வீடாகப் போயிருக்கிறார். குழாய் அடைத்தால் படுக்கையறை வரைக்கும் வருகிற மனிதரிடம் ஆள் கணக்கில் எவ்வளவுதான் பொய் சொல்ல முடியும்?

மறுநாள் வகுப்பில் நடந்ததைப் பேக்கரியில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் பொதுவாக இருந்தது இவ்வளவு. தாரியேல், "உங்க பில்டிங்ல மாடிக்கு ஏழு பேரு கூட இல்லியாமே? கத்துனா எதிரொலி கேக்குமா?" என்று கேட்டிருக்கிறான். இன்னொருவன், "பேய் கூட போரடிச்சு ஓடிப் போயிருக்கும்டா" என்றிருக்கிறான். நூறு பேர் இருக்கிறார்கள் என்று நயேலிக்குத் தெரியும். ஆனால் அந்த நூறு பேரும் சேர்ந்து அவளிடம் முப்பத்து நாலு என்று சொல்லியிருந்தார்கள். அவளைப் பெற்றவள் உட்பட.

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு எதிரே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அட்டை இல்லை.

"நீங்க பொய் சொன்னீங்க, தோன்யா நெரேய்தா."

"எல்லாருந்தான் சொன்னாங்க."

"ஆமா. ஆனா நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் படியில் உட்கார என் முட்டிக்கு ஆகாது, ஆனாலும் உட்கார்ந்தேன். அட்டையைக் கண்டால் பெரியவர்களுக்கு ஏன் உதறுகிறது என்று விளக்கப் போனேன்.

"தெரியும். அம்மாவும் அதான் சொன்னாங்க" என்று பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நூத்தி ஒம்போது பேருடி, என் ராசாத்தி. வீடு வீடா நான் எழுதித் தரேன். யாரு எப்ப வந்தாங்கன்னு தேதியோட தரேன்."

"மிஸ் ஒத்துக்க மாட்டாங்க. அவங்கவங்க வாயால சொல்லணும், இல்லன்னா நாங்க கண்ணால பாக்கணும். நீங்க சொன்னா அது வம்பு."

பிள்ளை என்று பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"சனிக்கிழமை காலைல க்ளாஸ் முழுக்க நம்ம தெருவுக்கு வருது. மொதப் பக்கத்துக்குப் படம் வரைய. எதிர் பில்டிங்க வரையணும்னா எங்க நிக்கணும் சொல்லுங்க?"

எங்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். இருபத்தாறு பிள்ளைகளும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"அதனால எனக்கு உங்க தொண்டை வேணும்" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது லாட்டரி விழுவது மாதிரி. கிடைக்காதவர்கள், நின்றிருக்கும் காருக்குப் பக்கத்திலேயே இரண்டாவது வரிசையாக நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடிவிடுவார்கள். அப்படி நிற்கும் கார்களைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போக ஒரு லாரி வரும். அதற்கு எங்கள் பக்கத்தில் க்ரூவா என்று பேர். அது மூலை திரும்பும்போதே என் ஜன்னலுக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு குரல் கொடுத்தால் போதும். ஐந்து மாடியும் அடுப்பை விட்டு, குளியலை விட்டு ஓடிவரும். கார் உள்ளவர்கள் தெருவுக்கு, இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்கு. எவன் கார் மாட்டப்போகிறது என்று பார்ப்பதை விடப் பெரிய காட்சி எங்கள் தெருவில் கிடையாது.

பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பொய்யாகக் கூவியதில்லை. சும்மா பேச்சில் உப்பு புளி சேர்ப்பேன், அது வேறு விஷயம். க்ரூவா விஷயத்தில் நான் சுத்தம். என்னை நம்பாத மனிதர்கள் எங்கள் கட்டடத்தில் உண்டு. அந்தக் குரலை நம்பாதவர்கள் கிடையாது. சொல்லப்போனால் என் பேரில் இருக்கும் ஒரே நல்ல பேர் அதுதான்.

"முடியாது" என்றேன். "ஒரு வாட்டி பொய்யா கூவிட்டா அப்புறம் எவளும் என்னை நம்ப மாட்டா."

நயேலி நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க ரூம்ல அஞ்சு பேரு தூங்குறோம்" என்றாள். "இதுல ஜெயிக்கலன்னா நான் வேற எதுல ஜெயிக்கிறது?"

போய்விட்டாள்.

அந்தக் கேள்விதான் என் மனதை மாற்றியது என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலையில் பேக்கரியில் தாரியேலின் அம்மா எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூன்று டஜன் கொய்யா பப்ஸ் வாங்கினாள். படம் வரைய வரும் பிள்ளைகளுக்காம். "லிஃப்டையும் வரையச் சொல்லியிருக்கேன்" என்றாள் கடைக்காரனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம் நெரேய்தா, உங்க பக்கம் ரொம்ப காலியாமே. ராத்திரி தனியா இருக்க பயமா இல்ல?" என்றாள்.

என் கையிலிருந்த காப்பி அப்படியே ஆறிப்போயிற்று.

சனிக்கிழமை சரியாக ஒன்பதுக்கு வந்துவிட்டார்கள். நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நயேலி என்று பிறகு தெரிந்தது. பத்து மணிக்கு மேல் சமையல்காரர்கள் போய்விடுவார்கள், பத்தரைக்கு வீடு சுத்தம் செய்யப் போகும் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு எல்லாரும் இருப்பார்கள், பாதிப் பேர் போர்வைக்குள். அந்தப் பெண் இந்த வயதில் இவ்வளவு கவனிக்கிறாள் என்றால், என் ஜன்னலுக்கு வாரிசுக் கவலை இல்லை.

இருபத்தைந்து பிள்ளைகள் எங்கள் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எதிர்க் கட்டடத்தைப் பென்சில் நீட்டி அளந்துகொண்டிருந்தார்கள். மிஸ் ஒகாசியோ நடுவில். வில்ஃப்ரெதோ அவர் கட்டடத்து வாசலில் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார், அவரையும் சேர்த்து வரைவார்கள் என்ற நினைப்பு. ஒரே ஒருத்தி மட்டும் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள். என் ஜன்னலைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

தலையணையை நகர்த்தினேன். கண்ணாடியை மேலே தூக்கி ஜன்னலைத் திறந்தேன்.

"க்ரூவாஆஆ! க்ரூவா வந்தாச்சு! ரெண்டாவது வரிசை பூரா தூக்குறான்! ஓடியாங்க!"

கட்டடம் வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். படிக்கட்டில் செருப்புச் சத்தம் மழை மாதிரி இறங்கியது. ஒருவன் தலை நிறைய ஷாம்பு நுரையோடு, சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். மேலே ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று ஏறின. தனியாக இருக்கும் நாவுமின் ஜன்னலில் ஆறு பனியன்கள். வீடு பெருக்க வந்த எவுலாலியாவின் ஜன்னல் காலி; ஆனால் சுருள் குழாய்கள் ஐந்தாம் மாடியில், தோன் ராமிரோவின் ஜன்னலில், ராமிரோவின் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்தன. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதில் குறித்து வைத்தேன்.

இருபத்தைந்து பிள்ளைகளும் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள்.

"மிஸ்," என்றாள் நயேலி, "கண்ணால பாத்தா எழுதலாம்தானே?"

மிஸ் ஒகாசியோ தலையைத் தூக்கி மேலே பார்த்தார். கீழிருந்து ஐந்தாம் மாடி வரைக்கும் மெதுவாகப் பார்த்தார்.

"எழுதலாம்" என்றார்.

பென்சில்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. எழுபத்தெட்டு வரை போனது. அதற்குள் ஷாம்பு ஆசாமி தெருவின் இரண்டு கோடியையும் பார்த்துவிட்டான்.

"லாரி எங்க?"

"நெரேய்தா! எங்கடி க்ரூவா?" என்றது மேலேயிருந்து எவுலாலியாவின் குரல்.

"இல்ல" என்றேன்.

"இல்லன்னா?"

"வரல. சும்மா கூவினேன்."

எவனோ ஒருவன் என்னைப் பெற்றவளை விசாரித்தான். அடுத்து, கீழே நோட்டும் பென்சிலுமாக ஒரு கூட்டம் தங்களைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பது மேலே இருந்தவர்கள் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தலையாக உள்ளே போக ஆரம்பித்தது. திரைச்சீலைகள் விழுந்தன. நாவுமின் ஜன்னலில் ஆறு மூன்றாகி ஒன்றாயிற்று. தாரியேல் சிரித்தான்.

"மிஸ், கொறையுது பாருங்க. முப்பத்து நாலுக்கு வந்துரும்."

என் பேரும் போயிற்று, பிள்ளையின் பக்கமும் போயிற்று என்று தலையணையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் நயேலி நடுத்தெருவுக்கு வந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். அந்த உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"எதிர் பில்டிங் எழுபத்தொண்ணு! நாம முப்பத்து நாலு! அவங்களத்தான் மொதப் பக்கத்துல போடப் போறாங்க!"

ஐந்தாம் மாடியில் ஒரு சுருள் குழாய் எட்டிப் பார்த்தது.

"எந்த பில்டிங்கு? வில்ஃப்ரெதோவோடதா?"

"ஆமா!"

"அவங்க எழுபத்தொண்ணா? நாம முப்பத்து நாலா?" எவுலாலியா மார்பில் கை வைத்தாள். "அடிப்பாவி, இத மொதல்லயே சொல்ல மாட்டியா! கணக்கெடுப்புன்னுல்ல சொன்ன! போட்டின்னா சொன்ன?"

திரைச்சீலைகள் திரும்ப ஏறின. இந்தத் தடவை ஆளைத் தேடிப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்கள். "மாமியார் குளிக்கிறாங்க, ரெண்டு நிமிஷம் எண்ணாம இருங்க!" என்று ஒருத்தி கெஞ்சினாள். மூன்றாம் மாடி ஹில்டா எட்டு மாத வயிற்றை ஜன்னலில் தூக்கி வைத்து, "இது ரெண்டு!" என்றாள். மிஸ் ஒகாசியோ, "பிறந்தப்புறம் சேத்துக்கலாம்" என்றார். ஒருவன் தூக்கிக் காட்டிய நாயும் தள்ளுபடி ஆயிற்று. நாலாம் மாடியில் ரொசாவுரா, ஏழு பேரையும் உயரப்படி வரிசையாக நிறுத்த முயன்றாள், மகள் தெருவில் நிற்பது அப்போதுதான் ஞாபகம் வந்து, "கீழ ஒண்ணு நிக்குது, அதுவும் என்னுதுதான்!" என்று கத்தினாள்.

எனக்குப் பின்னால் ஒஸ்மெல் மெதுவாகக் கேட்டான். "சித்தி, நாங்களும் வரலாமா?"

"வாடா" என்றேன். குழந்தையை வாங்கித் தலையணை மேல் உட்கார வைத்தேன்.

நயேலி கீழேயிருந்து நோட்டோடு நிமிர்ந்தாள்.

"தோன்யா நெரேய்தா, அது டிவிதானே?"

தெருவே என்னைப் பார்த்தது.

"இல்ல கண்ணு. இவன் யோயெல். எழுதிக்க. அந்த ஒண்ண அடிச்சிட்டு நாலுன்னு எழுது."

தாரியேல் விடவில்லை. ஒரே ஆள் இரண்டு ஜன்னலில் வருகிறான் என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எவுலாலியா விஷயத்தில் அவன் சந்தேகம் நியாயம். மிஸ் ஒகாசியோ பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்து மாடிக்கு ஒரு குழு என்று எண்ண வைத்தார். தெருவுக்கு ஓடிவந்தவர்களும் அவரவர் ஜன்னலுக்குப் போக வேண்டும், யாரும் அசையக் கூடாது. எங்கள் கட்டடத்து ஆட்கள் அசையாமல் நின்றது உலகத்தில் அது ஒரு தடவைதான்.

நூற்றுப் பத்து.

"நூத்தி ஒம்போது" என்றேன் நான் மேலேயிருந்து. திரும்ப எண்ணினார்கள். நூற்றுப் பத்துதான்.

தையல் வேலை செய்யும் கொலம்பியாக்காரி ஃபாபியோலா ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். அவளோடு நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் தங்கியிருக்கிறாள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை வேலைக்குப் போவாள். பாவம், ஒருத்தியே இரண்டு வேலை பார்க்கிறாளே என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பரிதாபப்பட்டிருந்தேன். அந்த ஜன்னலில் ஒரே ஜாடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இரட்டையர். கோட்டு ஒன்று, ஆள் இரண்டு. என் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு வருஷம்! அன்றைக்கு எனக்குப் போன மானத்தில் பெரும்பகுதி க்ரூவாவால் போனது இல்லை, இதனால் போனது.

இதற்குள் எதிர்க் கட்டடத்தில் ரோஷம் வந்து அவர்களும் ஜன்னலுக்கு வந்திருந்தார்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அவர்களையும் எண்ணினார்கள். தொண்ணூற்று நாலு. வில்ஃப்ரெதோவிடமே இருபத்து மூன்று பேரை மறைத்திருக்கிறார்கள்! அவர் முகம் போன போக்கைப் பார்த்து எங்கள் ஐந்து மாடியும் கைதட்டியது. தாரியேல் கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு நயேலியிடம் வந்து, "எங்க பில்டிங்ல லிஃப்ட் இருக்கு" என்றான்.

"இருக்கட்டுமே" என்றாள் அவள். "எங்க பில்டிங்ல ஆளு இருக்கு."

கொய்யா பப்ஸை எல்லாரும் சாப்பிட்டோம். தாரியேலின் அம்மா வாங்கியது என்பதால் எனக்கு ஒன்று கூடுதலாகவே இறங்கியது.

ரொசாவுரா மட்டும் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்து டீச்சர் பக்கத்தில் நின்றாள். "மிஸ், பெருமையாத்தான் இருக்கு. ஆனா அந்த நம்பர் அச்சுல வந்தா..." என்று இழுத்தாள். மிஸ் ஒகாசியோ பதில் சொல்வதற்குள் நயேலி சொல்லிவிட்டாள்.

"கதவு நம்பர் போட மாட்டேம்மா. தெரு பேரும் போட மாட்டேன். நம்ம ஊருல எந்த பில்டிங்க வேணா நெனச்சுக்கட்டும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை நிஜமான க்ரூவா மூலையில் திரும்பியது. உயிரைக் கொடுத்துக் கூவினேன். ஒரு ஜன்னல் திறக்கவில்லை. "போதும் நெரேய்தா, எத்தன தடவ எண்ணுவ!" என்று யாரோ உள்ளே இருந்தே சொன்னார்கள். கொக்கி ஒஸ்மெலின் காருக்குப் பக்கத்தில் வந்தபோது, நாலாம் மாடி ஜன்னல் ஏறியது.

"நெசந்தான்! நான் பாத்துட்டேன்!" என்றாள் நயேலி.

ஐந்து மாடியும் ஓடிவந்தது. பத்தொன்பது வருஷப் பதவி, படியேறி நாலாம் மாடிக்குப் போய்விட்டது. பரவாயில்லை. கூவுவதுதான் போயிற்று, பார்ப்பது என்னிடம்தான் இருக்கிறது. எவுலாலியா சுருள் குழாய்களோடு எத்தனை மணிக்கு ஐந்தாம் மாடியிலிருந்து இறங்குகிறாள் என்பது போகப்போகத் தெரியும்.

புத்தகம் வந்துவிட்டது. ஒன்று என் வீட்டில், டிவி மேல் இருக்கிறது. முதல் பக்கம் முழுக்க எங்கள் கட்டடம். ஜன்னலுக்கு ஐந்து ஆறு தலை. சுருள் குழாய் உண்டு, ஆறு பனியன் உண்டு, ஷாம்பு நுரை உண்டு. இரண்டாம் மாடியில் ஒரு பெரிய வாய், அதைச் சுற்றி ஒரு சின்னப் பெண்மணி, நான்தான். வாயை அவ்வளவு பெரிதாக வரைந்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

படத்துக்குக் கீழே நயேலியின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

"இது எங்கள் ஊரில் இருக்கும் ஒரு கட்டடம். கதவைத் தட்டிக் கேட்டால் முப்பத்து நாலு பேர். தெருவில் நின்று கூப்பிட்டால் நூற்றுப் பத்து பேர். நீ இன்றைக்குத்தான் வந்தாய் என்றால், உன்னோடு நூற்றுப் பதினொன்று."